பெயர் ஒட்டாத பாத்திரம்

ஆர்டிஸ் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை மறுபடியும் தூக்கி அடியைப் பார்த்தாள். பெயர் இல்லை. சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் அடியில் நாடா ஒட்டிப் பெயர் எழுதிவிடுவார்கள். பாத்திரம் திரும்பிப் போக வேண்டுமே. மினசோட்டாவில் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

"யாரு கொண்டாந்தது இது?"

"வெர்னா," என்றான் தம்பி லைல், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. "விஷமெல்லாம் இல்லக்கா. ரெண்டு தட்டு தின்னேன், உசுரோடதான இருக்கேன்?"

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார்கள். அதற்குள் வெர்னா மாடிக்குப் போய்விட்டாள். மாடியறையில்தான் அந்தப் பெரிய எழுத்தாளர் வாடகைக்கு இருந்து முதல் நாவலை எழுதினார். மேசை, கட்டில், விளக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் உள்ளே போகாதபடி அறை வாசலில் குறுக்கே கயிறு. விக்டோரியா காலத்து வீடுகள் ஊரில் எத்தனையோ. இந்த வீட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த அறைதான். அதிலிருந்து ஒரு குண்டூசி வெளியே போனாலும் அப்பாவுக்குப் பொறுக்காது.

கோடையில் வருகிறவர்களுக்கு அறையைச் சுற்றிக் காட்டுவது வெர்னாவின் வேலை. ஆனால் இது பிப்ரவரி. அப்பா தூக்கத்திலேயே போன அன்று, விடியுமுன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவள்தான். தூசி தட்ட வந்தாளாம். அந்த நேரத்தில் யார் தூசி தட்டுவார்கள்? கீழே அப்பாவின் படுக்கை கசங்கக்கூட இல்லை.

வெர்னா துணிப்பையை மார்போடு அணைத்தபடி படியிறங்கி வந்தாள்.

"பையில என்ன?"

"என் சாமான்மா."

"எழுத்தாளர் ரூம்ல உங்க சாமானுக்கு என்ன வேலை? தொறங்க."

கூடத்தில் இருந்த உறவினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெர்னா பையைத் திறந்தாள். தலை வாரும் பிரஷ், மூக்குக்கண்ணாடி, தேய்ந்துபோன ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு.

"கயித்தத் தாண்டி உள்ள யாரும் வர மாட்டாங்கன்னு உங்கப்பா சொல்வாரு," என்றாள்.

லைல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸுக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"உங்க பாத்திரம்?"

"அது என்னுது இல்லம்மா. இந்த வீட்டுது."

ஆர்டிஸ் பையிலிருந்து செருப்பை எடுத்தாள்.

"அந்த ரூம்லேர்ந்து எதுவும் வெளிய போகக் கூடாது. அப்பாவோட சட்டம்," என்றாள்.

மாடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். கட்டிலுக்கடியில் அப்பாவின் செருப்பு சுவரோரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் வெர்னாவின் செருப்பையும் வைத்துவிட்டு, வெளியே வந்து கயிற்றைப் பழையபடி மாட்டினாள்.