பேப்பர்ல ஒண்ணும் போடலையே

...போட்டிருந்தால்தான் நடந்ததாகுமா, இல்லை இந்த மனுஷர் படித்திருந்தால்தானா, என்று நினைத்துக்கொண்டே சண்முகசுந்தரம் கொக்கியில் தொங்கிய குக்கர் கேஸ்கட்டுகளைப் பார்த்தார், மூன்று லிட்டரா ஐந்தா என்று கேட்க வேண்டும். எதிரே ஸ்ரீரங்கன் குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறார், மயிலாப்பூரில் இந்தப் பாத்திரக் கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை, கடை ஏன் இத்தனை நாள் பூட்டியிருந்தது என்று அவர்தான் கேட்டார், கேட்டதால் இவரும் சொல்லிவிட்டார், தன் பையன் ராகேஷ் சைதாப்பேட்டையில் ஓர் ஆபீஸ் வாசலில் தீ வைத்துக்கொண்டான், பிழைத்துவிட்டான், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று. "அடடா... எப்போ? ஆத்துல ரெண்டு பேப்பர் வாங்கறோம், ஒரு வரி விடாம படிக்கறேன், ஒண்ணும் போடலையே!" என்றார் ஸ்ரீரங்கன். சந்தேகப்படுகிற முகமில்லை, நிஜமாகவே வருத்தப்படுகிற முகம், அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை... "அஞ்சு லிட்டருக்கா சார்?" "மூணு. மூணுன்னுதான் சொல்லி அனுப்பினா." எடுத்துக் கொடுத்தார். பையனைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு அவர் வெயிலில் இறங்கிப் போனார்.

யாருமே வரவில்லை என்று சொல்ல முடியாது, ஒருத்தன் வந்தான், கேமராவும் மைக்குமாக, வார்டு வாசலுக்கே, தங்கபுஷ்பம்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள், பெற்றவள் இல்லையா, ஏதாவது விடியும் என்று நினைத்திருப்பாள். லவ் மேட்டரா சார் என்றான், இல்லை என்றார். கடனா? இல்லை. கட்சியில இருக்காரா? இல்லப்பா, ஆத்தங்கரையில வீடுகளை அந்த ஆபீஸ்காரங்க இடிச்சாங்கள்லா, அதுக்குத்தான். உங்க சொந்தக்காரங்க வீடா? இல்லை, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுப்பான்... சொல்லி முடிப்பதற்குள் கேமரா தோளிலிருந்து இறங்கிவிட்டது. காதலோ கடனோ இருந்திருந்தால் அன்றைக்கே டிவியில் வந்திருப்பானோ? ராகேஷின் சிநேகிதன் சைஃப் அன்றைக்கு ஆபீஸ் வாசலில் எடுத்த ஒரு வீடியோவைப் போனில் வைத்திருக்கிறான், இவர் படத்தைப் பார்க்கவில்லை, காதில் விழுந்தது மட்டும்தான், கூட்டம், ஹாரன், கடைசியில் யாரோ ஓர் ஆட்டோக்காரர், "வண்டிய எடு நைனா, இங்க இன்னா பொருட்காட்சியா கீது?" அவர் மேல் என்ன தப்பு, சவாரி ஏற்றியிருப்பார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போனதும் ராகேஷ் கேட்பான், தினமும் அதையேதான் கேட்கிறான், யாராச்சும் வந்தாங்களாப்பா, அந்த வீட்டுக்காரங்களுக்கு ஏதாச்சும் செஞ்சாங்களா என்று, இவரும் வருவாங்கல, நீ கஞ்சியைக் குடி என்பார். அப்புறம் நெஞ்சு தாங்காமல் ஏம்ல இப்படிப் பண்ணுன, ஏம்ல என்று ஆரம்பிப்பார், அவன் உடனே வாயைத் திறப்பான், கட்டுப்போட்ட கையைக்கூட லேசாகத் தூக்குவான், தங்கபுஷ்பம் அழுவாள், பேசாதல, பேசாத, வலிக்கும் என்று இவரே அடக்கிவிடுவார்... எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தானே, என்ன சொல்ல வந்தான்? கடைக்கு முன்னால் யாரோ தோசைக்கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், விலை கேட்கிறார்களோ என்னவோ, சண்முகசுந்தரத்துக்குக் காதில் ஏறவில்லை. இன்றைக்குக் கேட்டுவிட்டு அவன் முடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்... தன்னால் முடியுமா?