அக்கா கழுவிய டப்பா

கோழிக்கறித் தொழிற்சாலையில் அக்காவுக்குப் பட்டப்பெயர் பினாயில். துப்புரவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி. அவள் துடைத்த தரையில் உட்கார ஈகூட யோசிக்கும். தங்கை அதே கட்டடத்தின் மாடியில், பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள். இரண்டு மாதமாக அவளுக்குப் பிடித்திருந்த பைத்தியத்தின் பெயர் ஃபேஜ்.

ஃபேஜும் ஒரு வைரஸ்தான். ஆனால் மனிதர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கறியில் ஒளிந்திருந்து வயிற்றைக் கலக்குகிற சால்மொனெல்லா பாக்டீரியா கிடைத்தால் மட்டும் விடாது: ஒட்டிக்கொள்ளும், உள்ளே புகும், பெருகும், அதை வெடிக்கவைத்து வெளியே வரும். சோதனைக் குழாயில் இந்தக் கூத்தைத் தங்கை கண்குளிரப் பார்த்திருக்கிறாள். குளிரூட்டிய கறிமேல் தெளித்தபோதுதான் இரண்டு முறையும் மண்ணைக் கவ்வினாள். தெளித்த கறியிலும் தெளிக்காத கறியிலும் கிருமி ஒரே அளவு.

"மூணாவது தடவைதான் கடைசி," என்றார் மேனேஜர். "இதுவும் சொதப்பினா, பாட்டிலை எல்லாம் சிங்க்ல கொட்டிட்டு பழைய வேலையைப் பாரும்மா."

அந்தக் காலை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபேஜ் பாட்டிலோடு அரை மணி நேரம் முன்னதாகவே கீழே இறங்கி, தெளிப்பான் டப்பாவின் மூடியைத் திறந்தாள். குப்பென்று மூக்கில் ஏறியது நெடி. பக்கத்தில் கையுறையோடு அக்கா.

"அக்கா, இதுல என்ன ஊத்தின?"

"ப்ளீச்சிங் தண்ணி. மத்த டப்பாவுக்கு ஒரு மூடி, உன் டப்பாவுக்கு ரெண்டு."

"அப்புறம் அலசலையா?"

"அலசினா தண்ணியில இருக்கற கிருமி ஒட்டிக்காதா? அப்படியே வடிய விட்டுடுவேன். என் தங்கச்சி மருந்து ஊத்தற டப்பாடீ!"

"போன ரெண்டு தடவையும் இப்படித்தானா?"

"பின்னே?" அக்காவின் முகத்தில் பெருமை வழிந்தது.

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அந்த மருந்துக்கு உசுரு இருக்குக்கா! ரெண்டு தடவையும் நீ அதைக் கொன்னிருக்க!"

அக்கா சேலையை இழுத்துச் செருகினாள். இருவரும் டப்பாவை, ப்ளீச்சில் உள்ள குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் கரைசலில் ஊறவைத்து, ஐந்து முறை அலசினார்கள். குளோரின் காட்டும் காகிதம் நிறம் மாறவில்லை. பிறகுதான் ஃபேஜை ஊற்றித் தெளித்தார்கள்.

மூன்றாம் நாள் தங்கை, கறியிலிருந்து எடுத்த கிருமியை வளரவிட்ட தட்டுகளை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு கரும்புள்ளியும் ஒரு சால்மொனெல்லாக் கூட்டம். தெளிக்காத கறியின் தட்டில் கரும்புள்ளிகள் நூற்று எண்பத்து நான்கு. தெளித்ததில் மூன்று. திரும்ப எண்ணினாள். மூன்றேதான்!

"அக்கா! மேல ஓடி வா!"

சத்தம் கேட்டு மேனேஜரும் வந்துவிட்டார். இரண்டு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ முதல் ரெண்டு தடவை ஏன் வரல?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அக்கா மாட்டுவாள், சொல்லாவிட்டால் இந்த மூன்றை யார் நம்புவார்கள்?

"நான்தான் சார்," என்றாள் அக்கா. "டப்பாவை ப்ளீச்ல கழுவி மருந்தைக் கொன்னுட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, இவ வேலையை நிறுத்திடாதீங்க."

மேனேஜர் தட்டைக் கீழே வைக்கவே இல்லை. "எல்லா லைனுக்கும் இதைக் கொண்டுபோகணும். இனி அந்த டப்பாக்களை வேற யாரும் தொடக்கூடாது. நீங்கதான் பார்த்துக்கணும்," என்றார் அக்காவிடம்.

மறுநாள் வேலை தொடங்கும் முன் மாடிப்படியடியிலிருந்து அக்காவின் குரல் கட்டடத்தையே எழுப்பியது.

"மூக்கை உள்ள விட்டு மோந்து பார்த்துட்டேன்டீ! துளி வாசனை இல்ல. உன் பிள்ளைங்களைக் கொண்டா!"