ஷிஜாவின் இடது புருவம்

என் வீட்டுக்காரர் வேல்சாமி கொத்தனார். சுவரில் ஒரு கீறல் தெரிந்தாலே கொத்திவிட்டு மறுபடி பூசுகிற ஆள், மகள் முகத்தை மட்டும் சும்மா விடுவாரா? ஷிஜா குத்துச்சண்டை பழக ஒரே நிபந்தனை போட்டிருந்தார்.

"மூஞ்சில ஒரு தழும்பு விழுந்தா அன்னைக்கே கிளவுஸைக் கழட்டிரணும். பொறவு உனக்கு எவன் தாலி கெட்டுவான்?"

மாநில இறுதிப் போட்டியன்று கரமனையிலிருந்து பஸ் பிடித்துப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். மைக்கில் அவள் பெயரோடு 'அன்பிளெமிஷ்ட் ரெக்கார்ட்' என்று ஏதோ சொன்னார்கள். அப்படியென்றால் என்னவென்று இவர் பயிற்சியாளர் பிஜியைக் கேட்டார்.

"ஒரு கறையும் இல்லாததுன்னு அர்த்தம் அண்ணாச்சி. பழத்துக்கும் சொல்லலாம், முகத்துத் தொலிக்கும் சொல்லலாம். இவளுக்குச் சொன்னது, இதுவரை தோத்ததே இல்லைன்னு."

"தொலிக்கும் உண்டுல்லா? அது போதும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளை தோற்காமல் வந்ததெல்லாம் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

கடைசிச் சுற்றில் எதிராளியின் தலை மோதி ஷிஜாவின் இடது புருவம் கிழிந்தது. கன்னமெல்லாம் ரத்தம். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டார். எனக்கு வெற்றியாவது மண்ணாவது, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போனால் போதும் என்றிருந்தது.

தொடர முடியுமா என்று டாக்டர் கேட்டார். ஷிஜா தலையாட்டினாள். ஆனால் கண் அப்பாவிடம் இருந்தது.

இவர் எழுந்து நின்றார். கிளவுஸுக்கு இன்றோடு முழுக்குத்தான் என்று நினைத்தேன்.

"விடாத மோளே! அடி!"

பின்வரிசைக்காரர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். யார் கேட்டார்? ஷிஜா ரத்தத்தோடு சிரித்தாள். அதன்பின் அவள் கொடுத்த குத்துகளில் அந்தப் பெண் கயிற்றோடு சாய்ந்துவிட்டாள். நடுவர் ஷிஜாவின் கையை உயர்த்தியபோது, பக்கத்திலிருந்த முகம் தெரியாத அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

தையல் போட்டு, பதக்கத்தோடு நின்றவளைப் படமெடுக்க மலையாளப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். "மோளே, முகம் கொஞ்சம் அங்கோட்டு திருப்பு. தையல் காணண்டா." படத்தில் தையல் தெரியக் கூடாதாம்.

இவர் குறுக்கே போய் நின்றார்.

"வேண்டாம் சாரே, இந்தப் பக்கமே எடுங்க. எம்மவ தோக்காதவன்னு இந்தத் தையல்லதான் எழுதியிருக்கு."