மூன்றாவது பிளேட்

இத்ரூஸ் தன் மனைவி றுஸைனாவிடம் ஒரே ஒரு தடவை சொன்ன வார்த்தையை ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினொரு வீட்டுக் கதவுகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. துணியால் துடைத்தால் போதும், கேட்கும்.

அலுவிகாரையில் இத்ரூஸின் மரப்பட்டறையில் பலகை சீவும் பிளேனர் மெஷின் ஒன்று உண்டு. அதன் உருளையில் மூன்று பிளேட்கள். மூன்றும் ஒரே உயரத்தில் மேசை மட்டத்துக்கு நிற்கவேண்டும். ஒன்று மயிரிழை உயர்ந்தாலும் பலகை அலையலையாக வரும். பிளேட் மாற்றும் நாளில் கரண்டை நிறுத்திவிட்டு இத்ரூஸ் உருளையைக் கையால் மெல்லச் சுற்றுவார். றுஸைனா மேசையில் நேரான பலாச் சட்டமொன்றை வைத்து, பிளேட் அதை எவ்வளவு தூரம் இழுக்கிறதென்று பென்சிலால் கோடு போடுவார். மூன்றுக்கும் இழுப்பு ஒன்றானால்தான் ஆணி முடுக்குவது. பதினாறு வருடத்தில் றுஸைனாவின் கோடு ஒருநாளும் பிழைத்ததில்லை. அதை ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்ல இத்ரூஸுக்குத் தோன்றியதுமில்லை.

அந்தத் தோட்டத்தில் கட்டிய புது வீடுகளுக்குக் கதவு செய்ய வேலை வந்தது. மரம் பார்க்க ஆட்கள் வந்து நின்ற காலையில், அவர்கள் முன்னால் மனைவியைக் கூப்பிட மனமில்லாமல், இத்ரூஸ் தனியாகவே பிளேட் மாற்றினார். மூன்றாவதைக் கண்மதிப்பில் வைத்தார். தேத்தண்ணி கொண்டுவந்த றுஸைனா முதல் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூணாவது பிளேட் உசந்து நிக்குது. ஒருக்கா பாருங்களேன்" என்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "ஒனக்கு என்னத்தத் தெரியும்? போ அங்கால!" என்று இத்ரூஸ் கத்தினார். வந்தவர்கள் சிரித்தார்கள். றுஸைனா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

உயர்ந்து நின்ற பிளேட் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, அன்று சீவிய பலகை முழுவதிலும் பதித்துவிட்டது. தேய்த்து வார்னிஷ் பூசியதில் அலை கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தது கொழுந்து பறிக்கும் புஷ்பவதி. கதவைத் துடைத்தபோது ஆண்குரல் அதட்டியதைக் கேட்டு, புருஷன் சுந்தரலிங்கம்தான் பேசினாரென்று அவருக்கு இரண்டு நாள் சோறு போடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கதவும் அதையே சொன்ன பிறகுதான் சுந்தரலிங்கம் பிழைத்தார். செய்தி அலுவிகாரைக்கு வந்தது. இத்ரூஸ் வெட்கப்பட்டு, தோட்டத்துப் பக்கமே போகாமலிருந்தார்.

றுஸைனா சமைத்தார், சிரித்தார், மழையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பேசினார். பட்டறைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. மன்னிப்பைப் பெருநாளன்று கேட்கலாமென்று இத்ரூஸ் இரண்டு பெருநாளைக் கடத்தினார். மூன்றாவது பெருநாளுக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், காய்ச்சலில் கிடந்த றுஸைனா கண்மூடி மௌத்தானார்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் இத்ரூஸ் புதுக் கதவுகளை லொறியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பழையதையெல்லாம் கழற்றி எரித்துவிடுவதாக எண்ணம். புஷ்பவதி வாசலை மறித்துக்கொண்டார்.

"எங்களுக்கு இதே இருக்கட்டுங்க. இப்பல்லாம் எங்க வூட்டு ஆளு வாயத் தொறக்க முன்னாடி கதவத்தான் பாக்குறாரு."

இத்ரூஸ் கேட்கவில்லை. குந்தியிருந்து, கதவை நிலையோடு மாட்டிய கீழ்ப் பிணைச்சலைச் சுற்றிப் பலகையில் ஒட்டிய சேற்றைக் கையால் துடைத்தார். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், யாரும் துடைக்காத இடத்தில், றுஸைனா பேசினார்.

"மூணாவது பிளேட் உசந்து நிக்குது. ஒருக்கா பாருங்களேன்."

வீட்டில் அவர் குரல் எதிலும் பதிவாகியிருக்கவில்லை. உலகத்தில் மிச்சமிருந்தது இவ்வளவுதான். இத்ரூஸ் கழற்ற எடுத்த திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு, அடுத்தவர் வீட்டு வாசலென்றும் பாராமல் அழுதார். புதுக் கதவுகள் வந்த லொறியிலேயே திரும்பிப் போயின.

இப்போது மாதத்துக்கொருமுறை, லுஹர் தொழுதுவிட்டு, இத்ரூஸ் தோட்டத்துக்குப் போக றத்தோட்டை பஸ் ஏறுகிறார். குந்தியிருந்து புஷ்பவதி வீட்டுக் கதவைக் கீழிருந்து துடைக்கிறார். றுஸைனாவின் பேச்சு முடியும் இடத்தில் அவர் கையை எடுத்துவிடலாம். எடுப்பதில்லை. தன் குரல் அதட்டி முடியும்வரை மேலே துடைத்துக்கொண்டே போகிறார். பிறகு, "நீ சொன்னதுதான் சரி" என்கிறார். கதவு அதைப் பிடித்துக்கொள்வதில்லை. துணியை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு, புஷ்பவதி தேத்தண்ணி ஊற்ற உள்ளே போகிறார்.