சந்தனம் பூசிய கண்

மருந்தடிக்கும் ட்ரோன் இன்று ஒழுங்காகப் பறந்துவிட்டால், கமலாத்தாள் இனி மருந்துக் குழாயைத் தொட வேண்டியதில்லை. பறக்காவிட்டால், முதலமடையில் ஆள் கிடைக்காத இந்தப் பூப்பருவத்தில் அவளும் மாந்தோப்பில் இறங்கியாக வேண்டும். சென்ற ஆண்டு மருந்தடித்தபின் அவளுக்கு வந்த மூச்சிரைப்பைக் கணவர் கருப்புசாமி மறக்கவில்லை. ஆகவே, யாரும் பாராத நேரத்தில், புது வண்டிக்குச் செய்வதைப் போலவே ட்ரோனுக்கும் சந்தனம் பூசினார். அதன் வயிற்றில் மின்னிய கண்ணாடி வட்டத்துக்குச் சற்றுத் தாராளமாகவே அப்பினார்.

ட்ரோனைக் கொண்டுவந்தவள் அவருடைய அக்காள் மகள் செல்வப்பிரியா. பறக்கும்போதே அதைக் கண்காணித்து, தப்பு நேர்ந்தால் தடுக்கும் காவல் நிரல் அவள் எழுதியது. ட்ரோனின் கணினிச் சில்லில் மற்ற வேலைகள் போக மிஞ்சிய இடம் சொற்பம். ஐந்து விதிகளே அடங்கின.

“அஞ்சே அஞ்சா? எங்கூட்டு நாய்க்கே அதுக்கு மேல தெரியுமே அம்மிணி!”

“உங்க நாய்க்கு மூளை பெருசுங்க மாமா. இதுல எடமில்லீங்க. அம்பது எழுதி, நாப்பத்தஞ்ச அழிச்சேன்.”

ட்ரோன் எழும்பியது. மரத்தலைக்கு மேல் நிற்க வேண்டியது, நிற்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. மேலே மின்கம்பி.

செல்வப்பிரியாவின் விரல் ரிமோட்டின் விசையை எட்டுமுன், கம்பிக்கு ஓர் ஆள் உயரம் கீழே அது தானாக நின்றது. நிதானமாக இறங்கி, கிளம்பிய இடத்திலேயே அமர்ந்தது.

அவள் திரையைப் படித்தாள். “மூணாவது விதிங்க மாமா. தரை அரையடியிலயே இருக்குதுன்னு கீழ்க்கண்ணு சொல்லியிருக்கு, அதான் ஏறியிருக்கு. காத்தழுத்தத்த அளக்குற கருவி, வெகு உசரம் வந்தாச்சுன்னு சொல்லியிருக்கு. ரெண்டும் ஒத்துவரலீன்னா, கண்ண நம்பாம எறங்கோணும்.”

ட்ரோனைப் புரட்டினாள். கண்ணின்மேல் சந்தனம் காய்ந்திருந்தது.

“ஏனுங்க, சாமி செலைக்கே கண்ணத் தொறந்துதான் கும்புடுவாங்க. நீங்க மூடிக் கும்புட்டீங்களாக்கும்?” என்றாள் கமலாத்தாள்.

அவர் ஈரத் துண்டால் துடைத்தார். “அந்த மூணாவதையும் அழிச்சிருந்தீன்னா?”

“ரெண்டு தடவ அழிச்சேனுங்க. மனசு கேக்கல, திருப்பி எழுதுனேன்.”

தம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய அந்தச் சில்லை அவர் குனிந்து பார்த்தார். நாயைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

இரண்டாம் முறை ட்ரோன் நிற்க வேண்டிய உயரத்தில் நின்றது. பூங்கொத்துகளின்மேல் மருந்து பனிபோல் படிந்தது. மருந்து காற்றில் வந்து படாத பக்கம் நின்று, சீராக மூச்சு விட்டபடி பார்த்துக்கொண்டிருந்த கமலாத்தாள், பழைய குழாயைச் சுருட்டிக் கயிற்றால் கட்டினாள்.

“இத மோட்டார் ரூமுக்குள்ள போடுங்க. முன்னால வேண்டாம், மூலையில.”