இரண்டு ஹாரன்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஹாரன் அடித்தால் மூன்று ஜீவன்கள்தான் மதிக்கும். மூன்றும் பூனைகள். மனைவி அந்தப் பட்டியலில் இல்லை. கேட்டைத் திறக்கட்டுமே என்று ஒருகாலத்தில் அவளுக்காகத்தான் தெருமுனையிலேயே இரண்டு முறை அடிக்க ஆரம்பித்தார். "ஏன், கைக்கு என்ன ஆச்சு?" என்று அவள் ஒரே கேள்வியில் அதை ஊற்றி மூடிவிட்டாள். ஆனால் பின்கட்டுச் சுவரில் திரிந்துகொண்டிருந்த பூனைகள் அதைத் தங்களுக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டன. ஆறு வருடமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு ஹாரன், கேட்டருகில் மூன்று வால்.

மனைவி நர்ஸ். வேறு ஊருக்குத் தலைமை நர்ஸாக மாற்றல் வந்தது. போகும் இடம் நாலாவது மாடி. பிராணிகள் கூடாது என்று வாடகைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. எழுதாவிட்டாலும்தான் என்ன, இந்தப் பூனைகள் பிறந்ததிலிருந்து கூரைக்குக் கீழே தூங்கியதில்லை.

"போறதுக்குள்ள மூணுக்கும் ஒரு வழி பண்ணிடுங்க. விட்டுட்டு வந்தா உங்களால தூங்க முடியாது, என்னையும் தூங்க விடமாட்டீங்க" என்றாள் மனைவி.

அரைமீசை, தூசி என்ற இரண்டு பூனைகளுக்கும் சுலபமாக இடம் கிடைத்தது. செடி நர்சரி வைத்திருக்கும் பழைய மாணவி இரண்டையும் ஜோடியாக வாங்கிக்கொண்டாள். மூன்றாவதான மேனேஜரைத்தான் யாரும் சீண்டவில்லை. காது கிழிந்த கறுப்பு வெள்ளைக் கிழவன். எலி பிடிப்பதை விட்டு வருடக்கணக்காகிறது. மற்ற இரண்டும் பிடிப்பதை வந்து பார்த்துவிட்டுப் போகும், அதனால்தான் அந்தப் பெயர். மாஸ்டர் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். "குட்டி இல்லையா மாஸ்டர்?" என்றே பதில் வந்தது.

கடைசியில், கிளம்ப இரண்டே வாரம் இருக்கும்போது, அட்டைப்பெட்டிக் கம்பெனி ஸ்டோர்கீப்பர் ஒத்துக்கொண்டார். மாஸ்டரிடம் படித்து லைசென்ஸ் டெஸ்ட்டில் மூன்று முறை ஃபெயில் ஆனவர். அதற்குப் பிறகும் மாஸ்டரை மதிக்கும் பெரிய மனசு அவருக்கு.

பூனைக்கு ஊசி போட்ட டாக்டரம்மா ஆணி அடித்ததுபோல் சொல்லியனுப்பினார்.

"வெளியில வாழ்ந்த பூனை, சார். இடம் மாத்துனா பழைய இடத்தைத் தேடி ஓடும், வழியில வண்டியில அடிபடும். மூணு வாரம் ஒரே ரூம்ல வச்சு சோறு போடணும். புது ஆளு, புது சத்தம் பழகணும். முக்கியமா நீங்க அந்தப் பக்கம் போகவே கூடாது."

"நான் எதுக்குப் போறேன்?" என்றார் மாஸ்டர்.

இருபது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்மேல் பாதத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர். ஒருவரைத் தனியாக ஓட்டவிடுவது என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. இருந்தாலும் எட்டு நாள் போகாமல் இருந்தார். ஒன்பதாம் நாள், சாமான் மூட்டை கட்ட அட்டைப்பெட்டி வேண்டும் என்று ஒரு காரணம் கிடைத்தது. ஊரில் வேறெங்கும் அட்டைப்பெட்டி கிடைக்காதுபோல நேராக அங்கே போய் நின்றார்.

பூனையைப் பார்க்கவில்லை. அந்த மட்டும் கட்டுப்பாடு இருந்தது. பெட்டிகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டே, "நம்ம ஆளு எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"கவலையே படாதீங்க மாஸ்டர், செட் ஆயிட்டாரு. நேத்து என் மடியில ஏறித் தூங்கினாருன்னா பாருங்களேன். இப்பதான் சோறு வைக்கப் போறேன்."

ஆறு வருடத்தில் மேனேஜர் மாஸ்டரின் மடியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

"அப்படியா. ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் காரில் ஏறினார். கம்பெனி கேட்டைத் தாண்டினார். கட்டைவிரல் ஹாரனுக்குப் போனது. இரண்டு முறை அடித்தது.

கண்ணாடியில் பார்த்தார். சோற்றுத்தட்டோடு ஸ்டோர் ரூம் கதவைத் திறந்த ஸ்டோர்கீப்பரின் காலிடுக்கில் புகுந்து மேனேஜர் அம்புபோல வந்துகொண்டிருந்தது, வாலை நட்டுக்கொண்டு. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி கத்திக்கொண்டே பின்னால் வந்தது. பூனை மிரண்டு திரும்பி மதில்மேல் தாவி அந்தப் பக்கம் மறைந்துவிட்டது.

"பழக்க தோஷம்" என்று மனைவியிடம் சொன்னார். ஸ்டோர்கீப்பரிடமும் அதையேதான் சொன்னார். அந்த மனிதர், "என் தப்பு மாஸ்டர், கதவை ஒருக்களிச்சு வச்சிருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாஸ்டர் அதை மறுக்கவில்லை. இன்றுவரை அவர் மனசை அறுப்பது ஹாரன் அடித்ததைவிட அந்த மௌனம்தான். அடித்தது பழக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியும். இன்னும் என்னை ஞாபகம் இருக்கிறதா என்று பூனையைக் கேட்டுப் பார்த்தார். இருந்தது.

மிச்சமிருந்த ஐந்து நாளும் அந்தச் சுற்றுவட்டாரத் தெருக்களில் இரண்டிரண்டாக ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தார். "யோவ், கல்யாண ஊர்வலமா போற?" என்று ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தினான். ஸ்டீயரிங் பிடித்திருந்த புது மாணவன், "மாஸ்டர், ஹாரன் தேவைக்கு மட்டும்தான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான். பூனை கிடைக்கவில்லை. சாமான் லாரி கிளம்பிய அன்று, பூனை வந்தால் கூப்பிடச் சொல்லி, பழைய வீட்டு கேட்டில் தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வந்தார்.

இருபது நாள் கழித்து போன் வந்தது. அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரப் பெண்.

"சார், காது கிழிஞ்ச பூனை ஒண்ணு வந்திருக்கு. எலும்பும் தோலுமா இருக்கு. உங்களதா?"

"என்னோடதுதாம்மா. சாப்பிடுதா?" என்றார் மாஸ்டர்.

"சோறு வச்சா சாப்பிடுது சார். ஆனா தெருவுல எவன் ஹாரன் அடிச்சாலும் பாதியில விட்டுட்டு ரோட்டுக்கு ஓடுது. நேத்து ஆட்டோவுல மயிரிழையில தப்பிச்சுது. எனக்குப் பதறுது. நீங்க ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போனா அடங்கிடும்ல?"

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "சாவிய எடுக்கட்டுமா? ஆறு மணி நேரம்தானே" என்றாள். கிண்டல் துளியும் இல்லாமல் அவள் அவரிடம் பேசியது அபூர்வம்.

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் கிளம்பிவிட்டது. வாய் மட்டும் போனில் வேறு சொன்னது.

"நான் வந்தா அது இன்னொரு வருஷம் ரோட்டுல நிக்கும்மா. நீங்க தைக்கிற ரூமுக்குக் கதவு இருக்கா?"

"இருக்கு சார்."

"அதுக்குள்ளயே மூணு வாரம் வச்சுக்குவீங்களா? எலி எல்லாம் பிடிக்காது. சும்மா மேற்பார்வை பார்க்கும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சார். வச்சுக்கறேன்."

"சோறு வைக்கும்போது கத்தரிக்கோலை மேஜையில ரெண்டு தட்டு தட்டுங்க. தினமும், அதே நேரம். பழகிடும்."

அடுத்துச் செய்த போன் ஸ்டோர்கீப்பருக்கு. "கதவு உங்க தப்பு இல்ல. நான் வேணும்னே அடிச்சேன்" என்றார். "தெரியும் மாஸ்டர். மூணு தடவை ஃபெயில் ஆனவனுக்கு உங்க ஹாரன் தெரியாதா?" என்றார் அவர்.

நாலாவது வாரம், புது ஊரில் டிரைவிங் வகுப்பு நடுவில், தையல்காரப் பெண் கூப்பிட்டாள். காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு எடுத்தார்.

"கேளுங்க சார்" என்றாள். டக் டக் என்று கத்தரிக்கோல் கேட்டது. பிறகு மேனேஜரின் அந்தக் கரகரத்த குரல், சோறு தாமதமானால் திட்டுகிற குரல்.

"கதவத் திறந்து விட்டு அஞ்சு நாளாச்சு. மிஷினுக்கு அடியிலயே கிடக்குது."

"ஹாரன் கேட்டா?"

"திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல சார்."

"நல்லது. ரொம்ப நல்லதும்மா" என்றார் மாஸ்டர். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரமானது.

பக்கத்தில் மாணவி கியர் போட்டுக் காத்திருந்தாள். முன்னால் ஒரு வளைவு.

"மாஸ்டர், ஹாரன் அடிக்கவா?"

"அடி" என்றார். "ஒரு தடவை போதும்."