இறக்கத்தில் முந்தியவர்

முதல் இறக்கத்தில் எங்கள் கிளப் பேக்கரிக்காரர் என்னை முந்தியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது இறக்கத்திலும் அதே வேலையைச் செய்தபோதுதான் சந்தேகம் வந்தது.

பத்து கிலோமீட்டர் ஓட்டம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பிரிவு. நான் எலக்ட்ரீஷியன். பகலெல்லாம் ஏணி, விடிந்தால் ரோடு என்று இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. எங்கள் கிளப்பிலிருந்து நாலு பேர் அடுத்த மாதம் நகரங்களுக்கு இடையேயான தொடர் ஓட்டத்துக்குப் போகிறார்கள். பதினோரு வருஷமாக அந்த நாலு பேரில் நான் இல்லாமல் இருந்ததில்லை. இந்தத் தடவை மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடம், இன்று எங்கள் பிரிவில் முதலில் வருகிறவருக்கு.

என் இடது முட்டியில் மூன்று வாரமாக வலி. மேடேறினால் தெரியாது. சமதரையில் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். இறங்கும்போது மட்டும் உள்ளே யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகுவார்கள். ஆறு வாரம் ஓடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கிளப்பில் மூச்சு விட்டால் என் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் விஷயம் தெரிந்தது மூன்றே பேருக்கு. நான், டாக்டரம்மா, என் மனைவி.

அப்படியானால் பேக்கரிக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

மூன்றாவது கிலோமீட்டரில் மேம்பாலம். இறங்கும்போது பாதி தூரம் என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தவர், சட்டென்று விலகிப் பறந்தார். கீழே வந்து பிடித்துவிட்டேன். ஆறாவது கிலோமீட்டரில் ஆஸ்பத்திரிச் சரிவு. அங்கே பாதிவரைகூடக் காத்திருக்கவில்லை, உச்சியிலேயே எடுத்தார் ஓட்டம். மேட்டிலெல்லாம் சாதுவாக வருகிற மனுஷன், இறக்கத்தில் மட்டும் திருடனைத் துரத்துகிற மாதிரி ஓடினால் என்ன அர்த்தம்?

மறுபடி அவரைப் பிடிக்க ஒரு கிலோமீட்டர் ஆயிற்று. அத்தனை தூரமும் கால் ஒரு பக்கம் ஓட, மண்டை இன்னொரு பக்கம் ஓடியது. டாக்டரம்மா வேற்றூர். என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார். மனைவியா? போன வாரம் நான் குளித்துவிட்டு வெளியே வந்ததும் அவசரமாக போனை வைத்தாள். கேட்டதற்கு ராங் நம்பர் என்றாள். ராங் நம்பரோடு இருபது நிமிஷமா பேசுவார்கள்?

அப்போதுதான் மச்சினன் ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை பேக்கரியில் ரொட்டி அடுப்பின் வயர் கருகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். டூல்ஸ் பெட்டியோடு உள்ளே நுழைகிறேன், என் மச்சினன் கல்லாவுக்குப் பக்கத்தில் பேக்கரிக்காரரிடம் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் கப்சிப். பன் புதுசா என்று கேட்டுக்கொண்டிருந்தானாம். பன் புதுசா என்பது என்ன ராணுவ ரகசியமா?

அவனுக்குக் காரணமும் இருந்தது. போன மாதம் கிளப்பில் பத்துப் பேர் முன்னால், நீ தண்ணீர் ஊற்றத்தான் லாயக்கு என்று அவனைச் சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை. அங்கே அவனேதான் நின்றான். டம்ளரை நீட்டினான். அவன் பார்வை என் முகத்தில் இல்லை, முட்டியில் இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தும் நான் வாங்கவில்லை. டம்ளரோடு கூடவே பத்தடி ஓடி வந்தான்.

"கடைசி இறக்கத்துல அவரைப் போக விடுங்க, அத்தான். கீழ எண்ணூறு மீட்டர் சமதரை இருக்கு. அங்க பிடிச்சுக்கலாம்."

ஆக, அவனுக்கும் தெரியும். போக விடணுமாம். யாருக்காகப் பேசுகிறான் என்பது பச்சையாகத் தெரிந்துவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர்த் தொட்டி இறக்கம். எதிர்பார்த்தபடியே பேக்கரிக்காரர் பாய்ந்தார். நானும் பாய்ந்தேன். தோளோடு தோள் இறங்கினோம். முட்டிக்குள் திருகியது ஸ்க்ரூ டிரைவர் இல்லை, டிரில்லிங் மெஷின். விடவில்லை. அடிவாரத்துக்கு அவரைவிட ஒரு எட்டு முன்னால் வந்து சேர்ந்தேன்.

அதோடு கால் முடிந்தது. இடது பாதம் தரையில் முழுதாக ஊன்ற மறுத்தது. எண்ணூறு மீட்டர் சமதரையை நொண்டியபடியே ஓடிக் கடந்தேன். பதினோரு விநாடி வித்தியாசத்தில் பேக்கரிக்காரர் முதலிடம்.

கோட்டைத் தாண்டியதும் மூச்சு வாங்கக்கூட விடாமல் அவரை ஓரங்கட்டினேன். என் முட்டி விஷயத்தை யார் சொன்னது என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க கால்தான் சொல்லுச்சு. பாலத்துல பின்னாடி வந்தேன்ல? வலது கால் டப்புனு விழுது, இடது கால் இழுத்துக்கிட்டு வருது. இத்தனை வருஷம் ஓடுறீங்க, முன்னாடி போறவன் சத்தத்தை நீங்க கேக்க மாட்டீங்களா?"

கேட்பேன். எத்தனையோ பேரை அப்படிக் கேட்டுத்தான் ஜெயித்திருக்கிறேன். மூன்று வாரமாக ஊர் வாயை அடைத்த எனக்கு, என் ஷூவை அடைக்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மச்சினன் என்ன பேசினான் என்று விடாமல் கேட்டேன். பேக்கரிக்காரருக்குப் போன வருஷம் முட்டி வலி வந்ததாம். முட்டியில் எந்தப் பட்டை கட்டினால் வலி கேட்கும் என்று விசாரித்தானாம். ஏதோ சிநேகிதனுக்கு என்று சொன்னானாம்.

மச்சினன் துண்டில் ஐஸ் கட்டிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். என்னை நடைபாதைக் கட்டையில் உட்காரவைத்து, முட்டியில் வைத்து அழுத்தினான். உனக்கு யார் சொன்னது என்றேன்.

"அக்காதான். சொன்னா நிக்க மாட்டாரு, ஜெயிக்கவாவது ஒரு வழி பாருடான்னு போன்ல அழுதா. நான் மூணு நாள் இந்த ரோட்டுல நடந்து பார்த்தேன், அத்தான்."

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐஸ் உருகிக் காலணிக்குள் வழிந்தது.

கிளப் செயலாளர் அட்டையும் பேனாவுமாக வந்தார். நாலாவது இடத்தில் பேக்கரிக்காரர் பெயரை எழுதியாயிற்று. ஐந்தாவதாக ஒரு மாற்று ஆள் வேண்டும், உங்க பேரைப் போடட்டுமா என்றார். எழுதவே ஆரம்பித்துவிட்டார். என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று மச்சினன் மெதுவாகத் துண்டை எடுத்துப் பின்னால் மறைத்தான்.

"போடாதீங்க. முட்டி போயிடுச்சு" என்றேன்.

"எப்ப? இப்பவா?"

"மூணு வாரமா."

செயலாளர் என்னையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எழுதிய முதல் எழுத்தை அடித்தார்.